ஞாயிற்றுக் காலையும் அடுப்புப் புகையும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



இலக்கிய வட்டத்தின் விழா மேடையில் இட்டலியும் கொத்சும் பேசுபொருள் ஆகலாமா என்ற ஐயம் எழுவது இயல்பே. அந்த ஐயத்தைத் தொல்காப்பியர் முன்பே தீர்த்து வைத்திருக்கிறார். நிலத்துக்குரிய கருப்பொருள்களை வரிசைப்படுத்தும்போது தெய்வத்திற்கு அடுத்ததாக அவர் வைத்தது உணவை. மரமும் பறவையும் பறையும் யாழும் அதற்குப் பின்னரே வருகின்றன. ஒரு நிலத்தைப் பாட முற்படுகிறவன் அந்நிலத்தார் உண்பதை அறியாமல் பாட இயலாது என்பது அந்த வரிசையின் பொருள்.

கவிதையை அளக்கும் சொற்களிற் பல அடுக்களையிலிருந்து வந்தவை என்பதும் எண்ணத்தக்கது. சோற்றுக்கும் பதம் உண்டு. சொல்லுக்கும் பதம் என்று பெயர். நாவில் அறுசுவை, மெய்ப்பாட்டில் எண்சுவை. கவிதை நடையைத் திராட்சா பாகம், கதலி பாகம், நாளிகேர பாகம் என்று பழையோர் பிரித்தனர். வாயிலிட்டதும் கரைவது முதலாவது. தோலுரித்து உண்பது இரண்டாவது. உடைத்தெடுத்து உண்பது மூன்றாவது. பாகம் என்பது சமைத்துப் பக்குவப்படுத்துதலே. இட்டலியில் ஒரு முறை வேகவைத்து எடுப்பதற்கு 'ஈடு' என்று பெயர். திருவாய்மொழியின் பேருரைக்கும் ஈடு என்றே பெயர். அரிசியை அளக்கும் படி அவ்வுரையின் எழுத்தை அளக்கவும் பயன்பட்டது. தோசையை வார்ப்பதாகச் சொல்லும் இதே மொழிதான் ஆடல்வல்லானின் செப்புத் திருமேனியையும் வார்ப்பதாகச் சொல்கிறது. ஆகவே அடுக்களைக்கும் ஏட்டுக்கும் இடையே உள்ள சுவர் பிற்காலத்தார் எழுப்பிய சுவர் எனலாம்.

இந்த உரையின் பொருள் மிகச் சிறியது: கடலூர், சிதம்பரம் பகுதி வீடுகளில் ஓய்வுநாள் காலையில் சமைத்து உண்ணும் சிற்றுண்டி. ஆனால் அச்சிறு பொருளுக்குள் ஒரு பெரிய வினா மறைந்திருக்கிறது. அந்த ஓய்வு யாருடையது?

ஓய்வுநாள் பிறந்த கதை

உழவர் வீடுகளில் வேலைநாளின் காலை உணவு நெடுங்காலமாகப் பழையதுதான். முதல்நாள் சோற்றில் நீரூற்றி வைத்து, விடியலில் மோரும் உப்பும் கலந்து, சின்ன வெங்காயத்தையோ மோர் மிளகாயையோ கடித்துக்கொண்டு உண்டு வயலுக்குச் சென்றனர். விருத்தாசலம், திட்டக்குடி பக்கத்துப் புன்செய் ஊர்களில் கம்பங்கூழும் கேழ்வரகுக் கூழும் அந்த இடத்தில் இருந்தன. இட்டலியும் தோசையும் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மருமகன் வரும் நாளுக்கும் உரியவை. இன்று ஆறு நாளும் இட்டலி தின்று சலிப்பவர் வீட்டிலேயே, இரண்டு தலைமுறைக்கு முன்பு இட்டலி என்பது பண்டிகையின் பெயராக இருந்தது.

இட்டலியின் வரலாறும் நீண்டது. கி.பி. 920ஆம் ஆண்டளவில் சிவகோட்டியாச்சாரியார் கன்னடத்தில் எழுதிய 'வட்டாராதனே'யில் இட்டலிகே என்ற பெயர் காணப்படுகிறது. ஏறத்தாழ 1130இல் மேலைச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் வடமொழியில் இயற்றிய 'மானசோல்லாச'த்தில் இட்டரிகை வருகிறது. அவை உளுந்தால் மட்டும் ஆனவை. அரிசியும் உளுந்தும் சேர்ந்து, இரவெல்லாம் புளித்து, ஆவியில் வெந்த இட்டலி பிற்காலத்தில் வந்து சேர்ந்தது.

ஞாயிறு என்னும் விடுமுறையோ அதனினும் இளையது. ஆலைத் தொழிலாளருக்கு வாரம் ஒரு நாள் ஓய்வு வேண்டும் என்று நாராயண் மேகாஜி லோகாண்டே தலைமையில் பம்பாயில் எழுந்த இயக்கம் 1890ஆம் ஆண்டு ஜூன் 10ஆம் நாள் வெற்றி கண்டது. ஐந்து ஆண்டுகள் கழித்து, 1895இல், கை பெரிஞ்சர் என்னும் ஆங்கில எழுத்தாளர் ஞாயிற்றுக்கிழமையில் காலை உணவையும் மதிய உணவையும் ஒன்றாக்கித் தாமதமாக உண்ணவேண்டும் என்று ஒரு கட்டுரை எழுதினார். இன்று பெருநகர விடுதிகளில் 'பிரஞ்ச்' என்று விளம்பரப்படுத்தப்படுவது அதுவே. விடியலில் எழவேண்டிய தொல்லை இல்லை, உண்பவர் கவலை மறந்து கலந்து பேசுவர் என்பன அவர் சொன்ன காரணங்கள். தமிழ்நாட்டு வீடுகளில் அந்த இரண்டாவது காரணம் முழுவதும் மெய். முதலாவது, வீட்டில் ஒருவருக்கு மட்டும் பொருந்தாது.

சிதம்பரம்: கொத்சும் களியும்

சிதம்பரத்தின் ஞாயிற்றுக் காலைக்குக் கொத்சு என்று பெயர் வைக்கலாம். கத்தரிக்காய் வேறெங்கும் கறியாகும், குழம்பாகும்; இங்கே அது இட்டலிக்கு இணையாகிறது. சிறிய பிஞ்சுக் கத்தரிக்காயை நல்லெண்ணெயில் நன்கு வதக்கி மசித்து, புளிக்கரைசலில் கொதிக்கவிட வேண்டும். கொத்துமல்லி விதை, கடலைப்பருப்பு, காய்ந்த மிளகாய், பெருங்காயம் ஆகியவற்றை வறுத்துப் பொடித்த பொடியைத் தூவவேண்டும். புளிப்பின் கூர்மையை மழுக்க ஒரு துண்டு வெல்லம். எண்ணெய் பிரிந்து ஓரத்தில் மினுங்கும்போது இறக்கவேண்டும். முந்தி இறக்கினால் பச்சைப்புளி வாடை. பிந்தினால் கத்தரிக்காயின் உருவே இல்லை. அந்த நடுக்கணத்தை எந்தக் கடிகாரமும் காட்டாது. வெங்காயமும் பூண்டும் சேராத கொத்சு கோயில் மரபைச் சேர்ந்தது; வெங்காயமும் தக்காளியும் சேர்ந்தது பின்னாளைய உணவகங்கள் கண்ட பாடபேதம்.

கொத்சுக்கு உரிய மற்றோர் இணை சம்பா சாதம். நடராசர் கோயிலில் நிவேதனமாகும் இது, சோற்றில் நெய்யும் மிளகும் சீரகமும் கூடிய எளிய கலவை. காய்ந்த மிளகாய் புகுந்த கொத்சும், மிளகு மட்டுமே காரமான சம்பா சாதமும் ஒரே இலையில் சந்திக்கும்போது இரண்டு காலங்கள் சந்திக்கின்றன. மிளகாய் அமெரிக்கக் கண்டத்தில் தோன்றி, போர்ச்சுகீசியர் வருகைக்குப் பின் இந்நாட்டில் பரவியது. மிளகோ இந்த மண்ணின் பழைய காரம். மிளகாய் என்ற பெயரே மிளகை நினைத்து வைத்த பெயர்.

இவ்வூரின் காலை உணவுகளில் கதையோடு பிறந்தது திருவாதிரைக் களி. ஒன்பதாம் திருமுறையில் இடம்பெற்ற திருப்பல்லாண்டு பாடிய சேந்தனார் விறகு விற்றுப் பிழைத்தார் என்றும், நாள்தோறும் அடியார் ஒருவருக்கு அமுதளித்த பின்னரே உண்டார் என்றும் மரபு கூறும். ஒரு நாள் பெருமழையில் விறகு நனைந்தது, விற்கவில்லை, அரிசி வாங்கக் காசில்லை. வீட்டிலிருந்த மாவைக் கொண்டு களி கிண்டி, வந்த அடியாருக்கு இட்டார்கள். மறுநாள் விடியலில் கருவறை திறக்கப்பட்டபோது அங்கே களி சிதறிக் கிடந்ததாம். இன்றும் மார்கழித் திருவாதிரையன்று தரிசனத்திற்குப் பின் வீடுகளில் களி உண்ணப்படுகிறது. அரிசியையும் பாசிப்பருப்பையும் சிவக்க வறுத்து உடைத்து, வெல்லப்பாகில் வேகவைத்து, தேங்காயும் நெய்யும் ஏலமும் சேர்ப்பார்கள். துணைக்கு நாட்டுக் காய்கள் பல கூடிய தாளகக் குழம்பு.

இந்தக் கதையில் இறைவன் தேடி வந்தது விருந்தையன்று. இல்லாமையிலும் இட்ட கையை. அதன் மறுபக்கத்தை எழுதியவர் 1906இல் கடலூர்த் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்த புதுமைப்பித்தன். 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' சிறுகதையில் பூமிக்கு வந்த கடவுளை அவர் முதலில் அழைத்துச் சென்றது காப்பி ஓட்டலுக்கு. வீட்டு விருந்து அதன் பிறகுதான். வீட்டு அடுப்பிலிருந்து உணவகத்து மேசைக்கு வந்துவிட்ட நகரத்துக் காலையை அவர் அன்றே கண்டுகொண்டார்.

கடலூர்: கடல் தந்ததும் கொண்டதும்

சிதம்பரத்திலிருந்து வெள்ளாற்றைக் கடந்து வடக்கே சென்றால் கடலூர். கூடலூர் என்ற பழம்பெயரே ஆங்கிலேயர் வாயில் கட்டலூர் ஆயிற்று. கோயில் ஊரின் ஞாயிறு கத்தரிக்காயில் விடிந்தால், துறைமுக ஊரின் ஞாயிறு மீனில் விடியும். முதுநகரிலும் தேவனாம்பட்டினத்திலும் இட்டலிக்கு உற்ற துணை முதல்நாள் இரவு வைத்த மீன்குழம்பு. மண்சட்டியில் இரவு முழுதும் ஊறிய குழம்பில் புளியும் மிளகாயும் தங்கள் சண்டையை முடித்துக்கொண்டிருக்கும். புதிய குழம்புக்கு வராத அமைதி பழைய குழம்புக்கு உண்டு. மீன் உண்ணாத வீடுகளில் வேர்க்கடலைச் சட்னி. தென்னார்க்காட்டுப் புன்செய்களில் பெரிதும் விளைந்த மணிலாக் கொட்டை அது. வெண்பொங்கலில் விழும் முந்திரியோ பண்ணுருட்டிப் பக்கத்துச் செம்மண் காட்டிலிருந்து வருவது. பிரேசில் நாட்டில் தோன்றிய மரம் இந்தச் செம்மண்ணில் வேர்பிடித்து ஊரின் அடையாளமாகிவிட்டது. 2011 டிசம்பர் 30ஆம் நாள் வீசிய தானே புயலில் அந்த முந்திரி மரங்களும் பலாமரங்களும் பெருந்தொகையாய்ச் சாய்ந்தன. பலா நட்டவன் பேரன் காலத்துக்கு நட்டான். புயல் ஓரிரவில் வந்து போயிற்று.

கடலூரின் ஞாயிற்றுக் காலையைப் பேசும்போது ஒரு ஞாயிற்றைச் சொல்லாமல் கடக்க முடியாது. 2004 டிசம்பர் 26. மார்கழி மாதம், முழுநிலா நாள், ஞாயிற்றுக்கிழமை, காலை உணவு வேளை. தேவனாம்பட்டினத்திலும் சிங்காரத்தோப்பிலும் பிச்சாவரத்தை அடுத்த திட்டுகளிலும் கடல் வீட்டுக்குள் புகுந்தது. கடலூர் மாவட்டத்தில் அறுநூறு பேரளவில் மாண்டனர். அவர்களுள் பெண்களும் குழந்தைகளும் மிகுதி. பிழைத்தவர்கள் திருமண மண்டபங்களிலும் பள்ளிகளிலும் பொது அடுப்பில் உண்டனர். பொது அடுப்பு உயிரைக் காத்தது. அதற்கு நன்றி சொல்லாதவர் இல்லை. ஆயினும் ஒரு குடும்பம் மீண்டும் குடும்பமாவது, தனக்கென ஓர் அடுப்பை மூட்டிக்கொள்ளும் நாளில்தான். வீட்டுச் சிற்றுண்டி அற்பமானது என்று எண்ணுபவர் அதை இழந்தவர்களைக் கேட்டறிய வேண்டும்.

செவிலியின் கண்

குறுந்தொகையில் 167ஆம் பாட்டு கூடலூர் கிழார் பாடியது. பெயரைக் கண்டு கடலூரார் உரிமை கொண்டாடிவிட வேண்டா. சேர வேந்தனோடு தொடர்புடையவர் அவர். ஆனால் வீட்டுச் சமையலைப் பற்றிப் பேச வருகிறவர் எவரும் அந்தப் பாட்டின் வாசலில் நின்றுதான் ஆகவேண்டும். புதிதாய் மணந்த பெண் தன் விரல்களால் கட்டித் தயிரைப் பிசைகிறாள். பிசைந்த கையை உடுத்திய ஆடையிலேயே துடைத்துக்கொள்கிறாள், மாற்றிக்கொள்ள நேரமில்லை. தாளிக்கும் புகை மையிட்ட கண்ணில் படிகிறது. தானே துழாவிச் சமைத்த புளிக்குழம்பைக் கணவன் உண்டு, இனிது என்கிறான். அவள் முகம் மெல்ல மலர்கிறது. காட்சி இவ்வளவே.

இதனை இல்லற இன்பத்தின் ஓவியம் என்று கொண்டாடுவது வழக்கம். அது தவறன்று. ஆனால் பாட்டைச் சொல்பவர் யார் என்று பார்க்கவேண்டும். கணவன் சொல்லவில்லை, தலைவியும் சொல்லவில்லை. மகள் வாழும் வீட்டைச் சென்று பார்த்து வந்த செவிலி, பெற்ற தாயிடம் சொல்கிறாள். கணவன் கண்டது குழம்பின் இனிமையை. செவிலி கண்டது கண்ணில் படிந்த புகையையும், துடைத்த ஆடையையும், முகத்தில் வந்துபோன நுண்ணிய மகிழ்ச்சியையும். உண்டவன் சுவையைக் கண்டான். வளர்த்தவள் உழைப்பைக் கண்டாள். புலவர் பாட்டை யார் வாயில் வைத்தார் என்பதில்தான் அவருடைய பெருமை இருக்கிறது.

ஞாயிற்றுக் காலையின் நிலையும் அதுவே. எட்டு மணிக்கு இலை போட்டுச் சூடான இட்டலி விழ வேண்டுமானால், நான்கு பங்கு புழுங்கல் அரிசியும் ஒரு பங்கு உளுந்தும் சனிக்கிழமை பகலிலேயே ஊறவேண்டும். உளுந்தைப் பந்துபோல் பொங்க ஆட்டி, அரிசியைச் சற்றே கொரகொரப்பாக ஆட்டி, உப்பிட்டுக் கையால் கலந்து வைக்கவேண்டும். எட்டு மணி நேரமோ பன்னிரண்டு மணி நேரமோ, கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் மாவுக்குள் வளி நிரப்பி அதை எழச் செய்யும். மார்கழிக் குளிரில் அவை சோம்பும். சித்திரை வெயிலில் விரையும். பருவத்தை அறிந்து உப்பையும் நேரத்தையும் கூட்டிக் குறைக்க வேண்டும். குடும்பத்தின் ஓய்வு ஞாயிற்றுக்கிழமை தொடங்குகிறது. அதற்கான வேலை சனிக்கிழமையே தொடங்கிவிடுகிறது.

ஆட்டுக்கல்லின் முன் குழவியைச் சுழற்றிக் கழிந்த மணிநேரங்களை, 1950களில் கோயம்புத்தூரில் உருவான மின் அரைப்பான் பெருமளவு குறைத்தது. பெண்களின் தோளுக்கு அந்தக் கருவி செய்த நன்மைக்கு எந்தக் கவிஞரும் இன்னும் பரணி பாடவில்லை. ஆனால் கருவி வேலையின் அளவைக் குறைத்ததே தவிர, வேலையின் ஆளை மாற்றவில்லை. நடுவண் அரசின் புள்ளியியல் அலுவலகம் 2019இல் நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வு இதைக் கணக்காகக் காட்டுகிறது. ஒரு நாளில் ஊதியமில்லா வீட்டு வேலையில் ஈடுபட்டோர் பெண்களில் 81.2 விழுக்காடு; ஆண்களில் 26.1 விழுக்காடு. ஈடுபட்டவர்கள் செலவிட்ட நேரம் பெண்ணுக்கு 299 நிமிடம்; ஆணுக்கு 97 நிமிடம். ஆலைத் தொழிலாளி 1890இல் பெற்ற ஞாயிற்றை அடுப்படி இன்னும் பெறவில்லை.

இதனால் வீட்டுச் சிற்றுண்டியைக் கைவிட்டு, உணவகத்துப் பொட்டலத்தை வாங்கிவிட்டால் முடிந்தது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. பசித்தவருக்குச் சோறிடுவதைப் பொதுக் கடமையாக்கிய மண் இது. சிதம்பரத்தை அடுத்த மருதூரில் 1823இல் பிறந்த வள்ளலார், 1867 மே 23 அன்று வடலூரில் தொடங்கிய தருமச்சாலையின் அடுப்பு இன்றும் அணையவில்லை. 2022 செப்டம்பர் 15 அன்று தமிழ்நாட்டில் தொடங்கிய காலை உணவுத் திட்டம், அரசுத் தொடக்கப் பள்ளிக் குழந்தைகளுக்குப் பொங்கலும் உப்புமாவும் கிச்சடியும் தருகிறது. விடியலில் வேலைக்கு ஓடும் தாயின் சுமையில் ஒரு பகுதியை அது இறக்கி வைத்திருக்கிறது. சமைக்கும் சுமையை ஊரே பகிர்ந்துகொள்ளக் கூடுமானால், ஒரு வீட்டில் உள்ள நால்வர் பகிர்ந்துகொள்வது அரிய செயலன்று.

வட்டத்தின் முன் ஒரு வேண்டுகோள்

பதினோராம் ஆண்டில் அடியெடுத்து வைக்கும் இந்த வட்டத்தின் முன் இரண்டு வேண்டுகோள்கள் வைக்கப்படுகின்றன.

முதலாவது, சொற்கள். ஈடு, பதம், கொரகொரப்பு, கமறல், முறுகல், சுண்டுதல், தளதளத்தல், கைப்பக்குவம் போன்ற அடுக்களைச் சொற்கள் வாய்மொழியிலேயே வாழ்கின்றன. கடையில் வாங்கிய மாவுப் பையில் இவற்றுக்கு இடமில்லை. சொல்வோர் குறைந்தால் சொல் மறையும். ஒவ்வோர் உறுப்பினரும் தம் வீட்டிலும் அண்டை வீட்டிலும் உள்ள முதியோரிடம் அமர்ந்து, அவர்கள் சொல்வதை அவர்கள் சொல்லிலேயே எழுதி வந்தால், அடுத்த பத்தாண்டு மலரில் ஒரு சிறு அகராதியே இடம்பெறும். வெள்ளாற்றுக்குத் தெற்கே கொத்சுக்கு இடும் பொடியும் வடக்கே இடும் பொடியும் எங்கே வேறுபடுகின்றன என்பதும் அப்போது தெரியவரும்.

இரண்டாவது, அந்தச் சொற்களை எழுதி வாங்குகிறவர் கையைக் கட்டிக்கொண்டு எழுதலாகாது. உளுந்தைக் களைய வேண்டும்; மாவைக் கலக்க வேண்டும்; கத்தரிக்காய் மசியும்வரை அடுப்பருகே நிற்கவேண்டும். எண்ணெய் பிரியும் கணத்தைத் தன் கண்ணால் கண்டவனுக்கே 'பதம்' என்ற சொல் விளங்கும். சனிக்கிழமை ஆட்டும் மாவில் உண்பவர் எல்லாருடைய கையும் பட்டால்தான், ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டில் எல்லாருக்கும் ஞாயிற்றுக்கிழமை ஆகும்.

கணவனைப் போல உண்டு இனிது என்று சொல்வது எளிது. அந்தச் சொல்லும் தேவையே. அதைக்கூடச் சொல்லாத வீடுகள் பல. ஆனால் கவிஞனுக்கு உரிய இடம் செவிலி நின்ற இடம். அங்கே நின்று பார்த்தால் புகை தெரியும். புகைக்குள் ஒரு முகமும் தெரியும். பத்தாண்டு கண்ட வட்டம் அந்த முகத்தைப் பாடும் கவிதைகளை இன்னும் பல பத்தாண்டுகள் வெளியிட வாழ்த்துகள்.